இடைவேளைக்குப் பிறகு வகுப்பு கைமீறுகிறது: ஸ்டார், புள்ளி, தண்டனை – எதை எப்படிப் பாவிப்பது?

கோணமலைக் கரும்பலகை:
தரம் 7, கலவன் வகுப்பு, 36 பிள்ளைகள். காலையில் பிரச்சினை இல்லை. இடைவேளைக்குப் பிறகு வரும் பாடவேளைகள்தான் கையில் நிற்பதில்லை. ஒருவர் பதில் சொல்லும்போதே இன்னொருவர் கத்துவது, கதிரையை விட்டு எழும்பி நடப்பது, தண்ணீர்ப் போத்தலை மேசையில் உருட்டுவது. சுவரில் ஸ்டார் அட்டை இருக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் "வாரத்தின் நல்ல மாணவர்" பரிசு. தொடக்கத்தில் நல்ல பலன் தந்தது. இப்போது அதே ஏழெட்டுப் பேருக்குத்தான் ஸ்டார் ஏறுகிறது, மற்றவர்கள் அட்டையைத் திரும்பியும் பார்ப்பதில்லை. குழப்படிக்கு ஸ்டாரைக் கழற்றினால் சண்டை. பிரம்பைத் தொடும் எண்ணம் இல்லை. இந்த முறையைத் திருத்தலாமா, விட்டுவிடுவதா? தண்டனை என்று எதை வைத்துக்கொள்வது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நிலாவெளி ரீச்சர்:
விட்டுவிடத் தேவையில்லை, ஆனால் அந்த அட்டையை அப்படியே வைத்திருந்தால் உதவாது. பிழை எங்கே என்று பாருங்கள்.

"நல்ல மாணவர்" என்பது ஒரு நடத்தை இல்லை. எதைச் செய்தால் ஸ்டார் வரும் என்று பிள்ளைக்குத் தெரிய வேண்டும். கண்ணால் பார்த்து ஆம், இல்லை என்று சொல்லக்கூடிய மூன்று விதி போதும்: மணி அடித்து 2 நிமிடத்துக்குள் கொப்பி திறந்து திகதி போட்டிருப்பேன், கை உயர்த்தி, பெயர் சொன்ன பிறகு கதைப்பேன், ரீச்சர் விளக்கும்போது கையில் பேனையைத் தவிர ஒன்றும் இருக்காது. நாலாவது விதியை எழுதினால் முதலாவது மறந்துபோகும். "கத்தாதே, ஓடாதே" என்று எழுதிவைத்தால் செய்யக் கூடாததுதான் தெரியும், செய்ய வேண்டியது தெரியாது.

அடுத்தது தாமதம். திங்கள் செய்ததற்கு வெள்ளி பரிசு என்றால் காலையில் ஒழுங்காக இருக்கிற பிள்ளை பொறுத்திருக்கும். குழம்புகிற பிள்ளை பொறுத்திருக்காது. அடையாளம் அந்தப் பாடவேளைக்குள்ளேயே கையில் கிடைக்க வேண்டும்.

மூன்றாவது விலை. வாரத்துக்கு ஒரேயொரு பரிசு என்றால் 35 பேர் தோற்கிறார்கள். செவ்வாயே "நமக்கு வராது" என்று கணக்குப் போட்டுவிடுவார்கள், கணக்கும் சரிதான். இப்படி மாற்றுங்கள். விதிக்கு ஒரு புள்ளி, பாடவேளைக்கு 3 புள்ளி. கிழமைக்கு 5 பாடவேளை என்றால் அதிகபட்சம் 15. முதல் சிறு பரிசை 5 புள்ளியில் வையுங்கள். பாதி விதியை மட்டும் காப்பாற்றுகிற பிள்ளைக்கும் அந்தக் கிழமைக்குள் ஒரு தடவை கிடைக்கும். சேர்த்துவைக்க விரும்புகிற பிள்ளைக்கு 20 புள்ளியில் பெரிய பரிசு. போட்டி பக்கத்துக் கதிரையோடு இருக்கக் கூடாது. நிர்ணயித்த எண்ணிக்கையை எட்டுகிற எல்லாருக்கும் பரிசு.

அடுத்து, சுவரைவிட்டு இறக்குங்கள். ஒவ்வொரு கொப்பியின் கடைசிப் பக்கத்திலும் 5 வரிசை, 4 நிரல் கட்டம். சிவப்புப் பேனையால் உங்கள் கையெழுத்தின் முதல் எழுத்தும் திகதியும். வெறும் சரி அடையாளம் போட்டால் பிள்ளைகளே போட்டுக்கொள்வார்கள். அட்டைத் துண்டு, நாணயம் மாதிரிப் பொருட்கள் தரம் 7இல் களவு போகும், கைமாறும், ஐந்தாம் நாளே வியாபாரம் தொடங்கும்.

கொடுத்த புள்ளியைத் திருப்பி எடுக்கவே வேண்டாம். உழைத்ததைப் பிடுங்கினால் சண்டைதான் வரும். அதற்குப் பிறகு சேர்ப்பதிலும் நம்பிக்கை இருக்காது. இப்போது அட்டையில் ஏறியிருக்கிற ஸ்டார்களுக்கும் ஒரு கடைசித் திகதி சொல்லி, ஒவ்வொருவருக்கும் ஏதாவது மாற்றிக் கொடுத்துவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள்.

உப்புவெளி கணிதம்:
நிலாவெளி ரீச்சர் சொன்னது சரி, ஆனால் 36 பேர், தலைக்கு 3 புள்ளி என்றால் ஒரு பாடவேளையில் 108 தீர்மானம். பாடம் எப்போது நடக்கும்? பரிசுக்கு யார் காசு?

நிலாவெளி ரீச்சர்:
108ஐயும் பார்க்கத் தேவையில்லை. பழைய பிஸ்கட் ரின் ஒன்றில் 36 பெயரையும் துண்டு போட்டு வையுங்கள். பாடவேளை தொடங்க முன் ஐந்து துண்டை எடுத்து, யாருக்கும் காட்டாமல் மேசை லாச்சிக்குள் வையுங்கள். "இண்டைக்கு அஞ்சு பேரைப் பாத்துக்கொண்டிருக்கிறன்" என்று மட்டும் சொல்ல வேண்டும். கடைசி 2 நிமிடத்தில் அந்த ஐந்து பேரில் விதிகளைக் காப்பாற்றியவர்களின் பெயரை மட்டும் வாசித்துப் புள்ளி போடுங்கள். தவறியவர் யார் என்று சொல்லக் கூடாது, கேட்டாலும் சொல்லக் கூடாது. யாருடைய பெயர் உள்ளே என்று தெரியாததால் எல்லாரும் கவனமாக இருப்பார்கள். இந்த முறையில் புள்ளி மெதுவாகச் சேரும். ஆகவே ஒரு தெரிவுக்கு 3 புள்ளி கொடுத்து, சிறு பரிசின் விலையை 3ஆக வையுங்கள். எடுத்த துண்டை எல்லாருடைய முறையும் முடியும்வரை ரின்னுக்குள் திரும்பப் போட வேண்டாம். ஆனால் அப்படியென்றால் முறை முடிந்த பிள்ளை "இனி நான் இல்லை" என்று இளகிவிடும். அதற்கு ஒவ்வொரு தடவையும் முடிந்த துண்டிலிருந்தும் ஒன்றைச் சேர்த்தெடுங்கள்.

பரிசுக்குக் காசு வேண்டாம். ஒரு பாடவேளைக்கு விரும்பிய இடத்தில் இருக்கலாம். கடைசி 5 நிமிடப் புதிரை அவர் தெரிவுசெய்யலாம். இடைவேளைக்குப் பந்து அவருடைய பொறுப்பு. வரைபடத்தை கரும்பலகையில் அவர் வரையலாம். வீட்டுக்கு இரண்டு வரி நல்ல செய்தி எழுதிக் கொடுக்கலாம். குழப்படிக்கு மட்டுமே கடிதம் போகிற வீட்டுக்கு இந்த இரண்டு வரி போனால் அடுத்த நாளே வித்தியாசம் தெரியும். ரொபி வேண்டாம். தாளைப் பொறுக்குவது ஒரு வேலை, மற்றப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருப்பது ஒரு வேதனை, ரொபி முடிந்த நாளில் ஒழுங்கும் முடியும். "வீட்டுவேலை செய்யத் தேவையில்லை" என்பதையும் பரிசாகக் கொடுக்காதீர்கள். வீட்டுவேலை ஒரு தண்டனை என்று நாமே சொல்லிக் கொடுத்ததாகிவிடும்.

கிண்ணியா விஞ்ஞானம்:
இடைவேளைக்குப் பிறகான அந்த நேரத்துக்கு அணி விளையாட்டு முறை நன்றாகப் பொருந்தும். 1969இல் அமெரிக்காவில் பாரிஷ், சோண்டர்ஸ், வுல்ஃப் என்ற மூவர் வெளியிட்டது. நான்காம் வகுப்பு, 24 பிள்ளைகள், இரண்டு அணி. விதி மீறினால் அணிக்கு ஒரு கோடு. கோடு குறைவான அணிக்குப் பரிசு, இரண்டும் எல்லைக்குள் நின்றால் இரண்டுக்கும் பரிசு.

36 பேருக்கு இப்படிச் செய்யலாம். தொடங்க முன் மூன்று நாள் எண்ணுங்கள். ஒரு 10 நிமிடத் துண்டில் கை உயர்த்தாமல் கதைத்தது எத்தனை, எழும்பியது எத்தனை. உள்ளங்கையில் கோடு போட்டாலும் போதும். வகுப்பு முழுக்கச் சராசரி 24 என்று வந்தால் ஆறு அணியில் ஒவ்வொன்றுக்கும் 4. முதல் எல்லையை அதைவிட ஒன்று குறைத்து 3 என்று வையுங்கள். எண்ணாமல் எல்லையை 1 என்று வைத்தால் ஐந்தாவது நிமிடமே எல்லா அணியும் தோற்றுவிடும். தோற்ற பிறகு அடங்குவதற்கு அவர்களுக்குக் காரணமே இல்லை.

ஆறு பேராக ஆறு அணி. குழப்படி செய்கிறவர்களை ஒரே அணிக்குள் போடாதீர்கள், ஆளுக்கொரு அணி. முதல் கிழமை 10 நிமிடம் மட்டும். கோடு போடும்போது குரல் உயரக் கூடாது, பெயரும் வரக் கூடாது: "இரண்டாம் அணி, கை உயர்த்தாமல் கதைச்சாச்சு, ஒரு கோடு. மற்ற அணியெல்லாம் கை உயர்த்தி இருக்கினம்." அவ்வளவுதான். பாடம் நிற்காமல் போக வேண்டும். 10 நிமிடம் முடிந்ததும் எண்ணிப் பார்த்து, எல்லைக்குள் நின்ற அணிகளுக்கு உடனே ஒரு 2 நிமிடப் பரிசு. அடுத்த கிழமை 15, பிறகு 25 நிமிடம். நாலாவது கிழமையிலிருந்து எந்த நேரத்தில் விளையாட்டு நடக்கிறது என்று முன்கூட்டிச் சொல்லாதீர்கள்.

1985இல் பால்டிமோரில் முதலாம் வகுப்புகளில் இதே விளையாட்டைத் தொடங்கி, அந்தப் பிள்ளைகளை வளர்ந்தவர்களாகும்வரை பின்தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். மிக முரட்டுத்தனமாக இருந்த ஆண் பிள்ளைகளுக்குத்தான் பிற்காலத்தில் அதிக நன்மை தெரிந்தது.

சாம்பல்தீவு:
கிண்ணியா சேர், இதில் எனக்கு ஒரு மறுப்பு இருக்கிறது. ஒருவன் செய்த குழப்படிக்கு ஆறு பேருக்கும் கோடு என்றால் அது கூட்டுத் தண்டனைதானே? "ஒருத்தன் கத்தினதுக்கு முழு வகுப்பும் இடைவேளைக்குப் போகக் கூடாது" என்பதும் இதுவும் ஒன்றுதான். பள்ளி விட்ட பிறகு பஸ் தரிப்பிடத்தில் அந்தப் பிள்ளைக்கு என்ன நடக்கும்?

கிண்ணியா விஞ்ஞானம்:
நியாயமான கேள்வி. வித்தியாசம் எதை இழக்கிறார்கள் என்பதில் இருக்கிறது. இடைவேளை பிள்ளையின் உரிமை. சாப்பாடு, தண்ணீர், கழிப்பறை எல்லாம் அதற்குள்தான். அதை ஒருவருக்காகவும் பறிக்கக் கூடாது, 36 பேருக்காகவும் பறிக்கக் கூடாது. அணி விளையாட்டில் தோற்ற அணி இழப்பது மேலதிகமாகக் கிடைக்கவிருந்த 2 நிமிடப் புதிரை மட்டும். அவர்கள் பாடத்தைத் தொடர்ந்து செய்வார்கள். வேறொன்றும் நடக்காது. தோற்ற அணியைத் திட்டினால், நிற்கவைத்தால் நீங்கள் சொல்வதுபோல் அது கூட்டுத் தண்டனையாகவே மாறும்.

வேண்டுமென்றே அணியைத் தோற்கடிக்கிற பிள்ளை வரும். 1969 ஆய்விலேயே வந்தது. இரண்டு பிள்ளைகள் "நாங்கள் விளையாடமாட்டோம்" என்றார்கள். அவர்களை விளையாட்டிலிருந்து எடுத்து, விளைவை அவர்களுக்கு மட்டும் தனியாக வைத்தார்கள். அதைத்தான் செய்ய வேண்டும். அடுத்தடுத்து இரண்டு நாள் ஒருவராலேயே அணி தோற்றால் அந்தப் பிள்ளையை ஓராள் அணியாக்குங்கள், எல்லையும் அவருக்கு ஏற்றபடி. கோபமில்லாமல், "இண்டைக்கு நீர் தனி அணி, உமக்கு மூண்டு கோடு மட்டும் இடமிருக்கு" என்று. பஸ் தரிப்பிடம் பற்றிய உங்கள் கவலை உண்மையானது. தள்ளுமுள்ளு, மிரட்டல் என்று ஒரு சொல் காதில் விழுந்தாலும் அன்றே விளையாட்டை நிறுத்திவிட்டு நிலாவெளி ரீச்சரின் தனிப் புள்ளி முறைக்குப் போங்கள்.

மட்டிக்களி:
மன்னிக்க வேண்டும், இவ்வளவு கணக்கும் கட்டமும் ஏன்? முந்தியெல்லாம் மேசையில் பிரம்பு இருந்தாலே வகுப்பு அமைதி. ஓரடி போட்டால் ஒரு கிழமைக்குக் கதை இல்லை. இப்போது பிள்ளைகளுக்குப் பயமே இல்லாமல் போய்விட்டது, ஆசிரியருக்குத்தான் பயம்.

கொட்டியாரக்குடா:
ஐயா, முதலில் சட்டம். இலங்கைக் கல்வி அமைச்சின் 2005/17 சுற்றறிக்கை உடல் தண்டனையைத் தடுத்தது, 12/2016 சுற்றறிக்கை அதை மீண்டும் வலியுறுத்தியது. தண்டனைச் சட்டக்கோவையின் 308ஏ பிரிவின் கீழ் பிள்ளைக்குக் கொடுமை செய்வது குற்றம். 2021 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பை ஒவ்வொரு ஆசிரியர் அறையிலும் வாசிக்க வேண்டும். ஆசிரியர் கன்னத்தில் அறைந்ததில் 15 வயது மாணவனின் செவிப்புலன் பாதிக்கப்பட்டது. சித்திரவதை, கொடூர நடத்தையிலிருந்து காக்கிற அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரை மீறப்பட்டதாக நீதிமன்றம் கண்டு, ஆசிரியர் 150,000 ரூபாவும் அரசு 500,000 ரூபாவும் செலுத்தும்படி கட்டளையிட்டது. ஓரடிதான் அது.

சட்டம் இல்லாவிட்டாலும் பிரம்பு நாங்கள் கேட்கிற வேலையைச் செய்வதில்லை. பிரம்பு இருக்கிற அறையில்தான் அமைதி. அந்த ஆசிரியர் லீவு போட்ட அன்று ரிலீப் பாடவேளையில் போய்ப் பார்த்தால் தெரியும். என்ன செய்யக் கூடாது என்று பிள்ளை படித்ததைவிட, யார் முன்னால் செய்யக் கூடாது என்றுதான் படித்திருக்கிறது. வெயிலில் முழங்காலில் நிறுத்துவது, தோப்புக்கரணம், பட்டப்பெயர் வைப்பது எல்லாம் கை படாத அடிதான்.

இனி எதை வைத்துக்கொள்வது என்ற கேள்விக்கு வருகிறேன். விளைவு சிறிதாகவும் நிச்சயமாகவும் இருக்க வேண்டும். பெரிய தண்டனையை ஒவ்வொரு தடவையும் கொடுக்க முடியாது. அதனால் ஆசிரியருக்குக் கோபம் வருகிற நாளில் மட்டும் கொடுப்போம். மற்ற ஒன்பது நாளும் தப்பலாம் என்று பிள்ளைக்குத் தெரியும், தப்பிப் பார்க்கும். ஒவ்வொரு தடவையும் தவறாமல் வருகிற ஒரு நிமிட விளைவில் அந்தச் சூதாட்டம் இல்லை.

படிகள் இவை. முதலில் ஒன்றும் சொல்லாமல் பாடத்தைச் சொல்லிக்கொண்டே அந்த மேசைக்கு அருகில் போய் நிற்பது. பாதிப் பிரச்சினை அங்கேயே முடியும். முடியாவிட்டால் குனிந்து, அவருக்கு மட்டும் கேட்கும்படி, செய்ய வேண்டியதை ஒரே வாக்கியத்தில்: "போத்தல் பைக்குள்ள." சொல்லிவிட்டு அப்பால் நகருங்கள். தலைக்கு மேல் நின்று பார்த்துக்கொண்டிருந்தால் நண்பர்களுக்கு முன்னால் பணிய வேண்டியிருக்கும், 12 வயது பணியாது. 10 விநாடி கழித்துத் திரும்பிப் பாருங்கள். செய்திருந்தால் ஒரு தலையசைப்பு. செய்யாவிட்டால் தெரிவு: "போத்தலைப் பைக்குள்ள வையும், இல்லாட்டி பாடம் முடியும்வரை என்ர மேசையில இருக்கும்." அதற்கும் அசையாவிட்டால் சொன்னதைச் செய்யுங்கள், புதிதாக ஒன்றும் சேர்க்காதீர்கள். பாடம் முடிந்ததும் 2 நிமிடம் தனியாகக் கதைத்து, இடாப்போடு வைத்திருக்கும் பதிவுக் கொப்பியில் ஒரு வரி எழுதுங்கள். ஒரே விஷயம் ஒரு கிழமையில் மூன்று தடவை பதிவாகினால் பகுதித் தலைவர், பிறகு பெற்றோர். அடிதடி, ஆபத்து என்றால் இந்தப் படிகளெல்லாம் இல்லை, நேரே அதிபர்.

விளைவு செயலோடு பொருந்த வேண்டும். மேசையில் கிறுக்கினால் துடைப்பது, வீணாக்கிய வேலையை முடிப்பது. "நூறு தரம் எழுது" என்பது பொருந்தாது, எழுதுவதையே வெறுக்கவைக்கும்.

உப்புவெளி கணிதம்:
வகுப்புக்கு வெளியே நிறுத்துவது? அதிகம் பேர் பாவிப்பது அதைத்தானே.

கொட்டியாரக்குடா:
அதிகம் பேர் பாவிக்கிறார்கள். அதிகம் பேருக்கு ஏன் பலிப்பதில்லை என்றும் பாருங்கள். வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கு வாசிப்புப் பாடம் தொடங்கும்போது வெளியே போகச் சொன்னால் அது விடுதலை. அடுத்த முறை வாசிப்பு வந்தவுடன் குழப்படி இன்னும் வேகமாக வரும். நாம் தண்டனை என்று நினைத்துக் கொடுக்கிறோம், பிள்ளை அதைச் சம்பளமாக வாங்குகிறது.

ஆகவே அடிக்கடி பதிவாகிற பிள்ளைக்கு ஐந்து நாள் மூன்று நிரலில் எழுதுங்கள்: முன்னால் நடந்தது, செய்தது, பின்னால் கிடைத்தது. "சத்தமாக வாசிக்கச் சொன்னேன் / பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைத் தட்டினான் / வெளியே அனுப்பினேன்." இப்படி நாலு வரி வந்தால் அது தப்பித்தல். "எல்லாரும் எழுதிக்கொண்டிருந்தார்கள் / மிருகம் மாதிரிக் கத்தினான் / வகுப்பு சிரித்தது" என்றால் அது கவனம் தேடல். முதலாவதுக்குத் தரம் 3 தமிழ்ப் புத்தகத்திலிருந்து ஒரு பந்தியைத் தனியாக வாசிக்கவைத்துப் பாருங்கள். தடுமாறினால் அவருக்குப் புள்ளி முறைக்கு முன் வாசிப்பு உதவி தேவை, பாடத்தில் இரண்டு வரி வாசிக்கிற பங்கு தேவை. பின்வரிசையில் இருந்து குழம்புகிற பிள்ளைக்குக் கரும்பலகை தெரிகிறதா, காது கேட்கிறதா என்றும் பாருங்கள். காலைச் சாப்பாடு இல்லாமல் வருகிற பிள்ளைக்கு ஸ்டார் மருந்தில்லை.

நிலாவெளி ரீச்சர்:
கவனம் தேடுகிற பிள்ளையைப் பொருட்படுத்தாமல் விடச் சொல்வார்கள். அதில் ஒரு பொறி இருக்கிறது. பொருட்படுத்தாமல் விடத் தொடங்கின முதல் சில நாள் சத்தம் கூடும். வழக்கமாகப் பலித்தது பலிக்காதபோது இன்னும் பலமாகச் செய்துபார்ப்பது இயல்பு. அந்த உச்சத்தில் "போதும், நிப்பாட்டு!" என்று கத்திவிட்டால், அடுத்த முறை அந்த உச்சத்திலேயே தொடங்கும். கடைசிவரை விட முடியும் என்றால் மட்டும் விடுங்கள். வகுப்பு சிரிக்கிறது என்றால் நீங்கள் மட்டும் பார்க்காமல் இருந்து பயனில்லை. சிரிக்காமல் வேலை செய்கிற பக்கத்துப் பிள்ளைகளுக்கு அந்த நேரமே புள்ளி போடுங்கள்.

இன்னொன்று. "இருங்கோ, இருங்கோ" என்று சொல்வது எழும்புவதைக் கூட்டும். 1968இல் மெட்சன், பெக்கர் என்பவர்களும் கூட்டாளிகளும் முதலாம் வகுப்பில் பார்த்தது இது. "இருங்கள்" என்ற கட்டளை கூடக்கூட எழும்பி நிற்கிற பிள்ளைகள் கூடினார்கள். இருந்து வேலை செய்கிறவர்களைப் பாராட்டத் தொடங்கியதும் குறைந்தார்கள்.

பாராட்டும் குறிப்பாக இருக்க வேண்டும். "கெட்டிக்காரி" என்பதில் பிள்ளைக்குத் திரும்பச் செய்ய ஒன்றும் இல்லை. "மணி அடிச்ச கையோட கொப்பி திறந்தாச்சு, திகதியும் போட்டாச்சு" என்றால் நாளைக்கும் செய்யலாம். 1998இல் முல்லர், டுவெக் செய்த ஆய்வில் அறிவைப் பாராட்டப்பட்ட ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள், கடினமான புதிர்களில் தோற்ற பிறகு, முயற்சியைப் பாராட்டப்பட்டவர்களைவிட மோசமாகச் செய்தார்கள். தரம் 8, 9க்கு மேலே போனால் எல்லாருக்கும் கேட்கப் பாராட்டாதீர்கள். பொடியன்களுக்கு அது வெட்கம், வேண்டுமென்றே கெடுத்துக்கொள்வார்கள். கொப்பி ஓரத்தில் ஒரு வரி எழுதினால் போதும்.

பாலையூற்று அம்மா:
நான் ஆசிரியர் இல்லை, தரம் 7இல் பிள்ளை இருக்கிற தாய். எல்லாவற்றுக்கும் பரிசு என்று பழக்கினால் வீட்டிலும் "என்ன தருவீங்கள்?" என்றுதானே கேட்கும்? விருப்பத்தோடு படிக்கிற பிள்ளையையும் கெடுத்துவிடாதா?

கிண்ணியா விஞ்ஞானம்:
அம்மா, நீங்கள் பயப்படுவதற்கு ஆதாரமே இருக்கிறது. 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்பவர்கள் பாலர் பள்ளியில் படம் வரைய ஏற்கெனவே ஆசையாக இருந்த பிள்ளைகளைத் தெரிவுசெய்தார்கள். ஒரு குழுவுக்கு "வரைந்தால் சான்றிதழ்" என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு குழுவுக்குச் சொல்லாமல், வரைந்த பிறகு கொடுத்தார்கள். மூன்றாம் குழுவுக்கு ஒன்றும் இல்லை. பிறகு சுதந்திரமாக விட்டபோது, முன்கூட்டிச் சொல்லப்பட்ட குழு மற்றவர்களைவிட ஏறக்குறைய அரைவாசி நேரம்தான் வரைந்தது. சொல்லாமல் கிடைத்த குழுவில் அந்தச் சரிவு இல்லை.

அதனால் பிள்ளை ஆசையோடு செய்வதற்கு விலை பேசவே கூடாது. கதைப்புத்தகம் விரும்பி வாசிக்கிற பிள்ளைக்குப் பக்கத்துக்கு ஒரு புள்ளி என்று போட்டால் ஆசையைக் கெடுக்கிறோம். கொப்பி திறப்பது, கை உயர்த்துவது போன்ற, யாருக்கும் இயல்பாக ஆசை வராத பழக்கங்களுக்கு மட்டும் புள்ளி. அதுவும் குறையக்குறைய: முதலில் ஒவ்வொரு தடவையும், பிறகு இரண்டு மூன்று தடவைக்கு ஒன்று, பிறகு எதிர்பாராத நேரத்தில், பிறகு சொல் மட்டும். ஒரே நாளில் நிறுத்தினால் எல்லாம் பழையபடி ஆகும். "என்ன தருவீங்கள்?" என்று கேட்டு அதற்கு விலை சொன்னால் அது பேரம். வீட்டில் அப்படிக் கேட்டால் அன்றைக்கு அந்தப் பேச்சுக்கே பதில் கொடுக்க வேண்டாம். இன்னொரு நாள் கேட்காமலே செய்ததைப் பார்த்துச் சொல்லுங்கள்.

சாம்பல்தீவு:
இடைவேளைக்குப் பிறகான முதல் 5 நிமிடத்தைப் பற்றி இன்னும் யாரும் சொல்லவில்லை. பரிசும் வேண்டாம், தண்டனையும் வேண்டாம் என்ற அளவுக்கு அந்த 5 நிமிடம் காப்பாற்றும். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் மைதானத்தில் ஓடிவிட்டுப் புழுதியும் வியர்வையுமாக வருகிறார்கள். அப்படியே "புத்தகத்தை எடு" என்றால் நடக்காது. மணி அடிக்க முன்பே கரும்பலகையில் மூன்று கேள்வி இருக்க வேண்டும், எல்லாராலும் செய்யக்கூடியவை, நேற்றைய பாடத்திலிருந்து. வாசலில் நின்று நாலைந்து பேராக உள்ளே விடுங்கள். தண்ணீர் குடித்துவிட்டு, போத்தல் பைக்குள், உட்கார்ந்ததும் அந்த மூன்று கேள்வி, கதைக்காமல் 4 நிமிடம். திருத்துவதும் வாய்வழியாக 1 நிமிடம்தான். முதல் இரண்டு நாள் இதைப் பாடமாகவே பயிற்றுங்கள்: வெளியே போய் மீண்டும் வருவது உட்பட. சொல்லிவிட்டால் மட்டும் பழக்கம் வராது.

கோணமலைக் கரும்பலகை:
எல்லாருக்கும் நன்றி. மூன்று கேள்வியோடு தொடங்கி, பிறகு 10 நிமிட அணி விளையாட்டு என்று வைக்கப்போகிறேன். ஆனால் இதற்கெல்லாம் அப்பால் நிற்கிற ஓரிருவர் எந்த வகுப்பிலும் இருக்கிறார்களே. எல்லாப் பாடவேளையிலும் முறைப்பாடு வருகிற பிள்ளைக்கு என்ன செய்வது?

கொட்டியாரக்குடா:
தினப் பதிவுத் தாள். ஒரு A4இல் பாதி. மேலிருந்து கீழாகப் பாடவேளைகள், பக்கவாட்டில் அந்தப் பிள்ளைக்கான மூன்று நடத்தை. ஒவ்வொரு கட்டத்திலும் 0, 1, 2: செய்யவில்லை, நினைவூட்டியபின் செய்தார், தானாகச் செய்தார். நாளுக்கு 8 பாடவேளை என்றால் மொத்தம் 48. முதல் இலக்கு 60 வீதம், அதாவது 29. கிழமையில் 4 நாள் எட்டினால் 34, பிறகு 38. முதல் நாளே 40 கேட்டால் பிள்ளை இரண்டாம் பாடவேளையோடு தாளைக் கிழித்துப்போடும்.

காலையில் ஒருவரிடம் தாளை வாங்க வேண்டும், பள்ளி விடமுன் அவரிடமே காட்ட வேண்டும், இரண்டு தடவையும் 2 நிமிடம். அந்த ஆள் ஒழுக்காற்றுக் குழு ஆசிரியராக இருக்கக் கூடாது. பிள்ளைக்குப் பிடித்த ஒருவர், விளையாட்டு ஆசிரியராகவோ நூலகத்துக்குப் பொறுப்பானவராகவோ இருக்கலாம். ஆசிரியர்கள் எண்ணை மட்டும் போட வேண்டும். "திருந்தாத ஜென்மம்" என்று ஒருவர் எழுதினாலே அந்தத் தாள் முடிந்தது. வீட்டில் கையெழுத்து வைக்கிறவர், தாயோ, தகப்பன் கடலுக்குப் போயிருந்தால் அம்மம்மாவோ, குறைந்த எண்ணுக்கு ஏசக் கூடாது என்று முன்கூட்டிச் சொல்லி ஒத்துக்கொள்ளவைக்க வேண்டும். ஏச்சு விழுகிற வீட்டுக்குத் தாள் போய்ச் சேராது, வழியில் "தொலைந்துவிடும்". ஆறு கிழமையாகியும் எண் அசையாவிட்டால் ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியரோடு உட்கார்ந்து அந்த மூன்று நிரல் பதிவைத் திரும்ப எடுங்கள். வீட்டில் ஏதோ நடக்கிறது என்று சந்தேகம் வந்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இலக்கம் இருக்கிறது.

மட்டிக்களி:
கொட்டியாரக்குடா சொன்ன "தவறாமல் வருகிற சிறிய விளைவு" என்பதை ஒத்துக்கொள்கிறேன். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் தரம் 7க்குப் பத்து ஆசிரியர் போகிறார்கள். ஒருவர் மட்டும் விதி வைத்தால் மற்றப் பாடவேளையில் அவிழ்ந்துவிடுமே.

நிலாவெளி ரீச்சர்:
அதற்குப் பகுதித் தலைவரைக் கொண்டு 20 நிமிடம் ஒரு சந்திப்பு வையுங்கள், எல்லாரும் வராவிட்டாலும் நாலு பேர் போதும். மூன்று விதியையும் ஒத்துக்கொண்டு, பிரிஸ்டல் போட்டில் பெரிதாக எழுதிக் கரும்பலகைக்குப் பக்கத்தில் மாட்டுங்கள். புள்ளி போடுவது அவரவர் விருப்பம். ஆனால் விதியின் சொற்கள் எல்லாரிடமும் ஒன்றாக இருக்க வேண்டும். விளையாட்டுப் போட்டிப் பயிற்சி, தவணை விடுமுறை என்று இடைவெளி வந்தால் விட்ட இடத்தில் தொடங்காதீர்கள். மீண்டும் 10 நிமிடத்திலிருந்து. இந்த முறை ஒரு கிழமையிலேயே பழைய இடத்துக்கு வந்துவிடும்.

உப்புவெளி கணிதம்:
ஆசிரியர் வர முன் மொனிட்டர் கரும்பலகையில் "கதைத்தவர்கள்" என்று பெயர் எழுதுகிற வழக்கம்? அதை வைத்திருக்கலாமா?

சாம்பல்தீவு:
நிறுத்துங்கள். நண்பனின் பெயர் வராது, பிடிக்காதவனின் பெயருக்குப் பக்கத்தில் மூன்று கோடு இருக்கும், பெயரை அழிக்க ரொபி கைமாறும். அந்தப் பட்டியலை வைத்து விளைவு கொடுத்தால் நீங்கள் பார்க்காத ஒன்றுக்குக் கொடுக்கிறீர்கள். பிள்ளை "நான் கதைக்கேல்லை" என்றால் உங்களிடம் பதில் இல்லை. மொனிட்டருக்கு வேறு வேலை கொடுங்கள். அந்த மூன்று கேள்வியைத் துண்டுத் தாளில் எழுதி முந்திய பாடவேளைக்குள் அவரிடம் கொடுத்துவிட்டால், மணி அடிக்கும்போது கரும்பலகையில் இருக்கும். கிழமைக்கு ஒருவர் என்று மாற்றுங்கள், குழப்படிக்காரருக்கும் முறை வரட்டும்.